ஆஸ்பத்திரியில் விலை கேட்காமல் வளர்ந்தவனுக்கு

தம்பி,

நீ அடுத்த அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். சுவருக்கு அந்தப் பக்கம் ஸிப்பை இழுப்பதும், மனம் மாறித் திரும்பத் திறப்பதும் கேட்கிறது. எழும்பி வந்து கதவைத் தட்டிச் சொல்லக்கூடியதை ஏன் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று நீ கேட்கலாம். நான் வாய் திறந்தால் இரண்டாவது வசனத்தில் நீ "ஐ நோ, மம்" என்பாய். அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வராது, சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். தமிழை நீ எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாய். அது எனக்கு வசதி. மெதுவாக வாசிக்கிறவன் நான் என்ன சொல்ல வருகிறேன் என்று முன்னமே முடிவெடுக்க மாட்டான். இதை மற்றவர்களும் படிக்கக் கொடுக்கிறேன் என்றால் அதற்கும் காரணம் இருக்கிறது. ஆக்லாந்தில் நமக்குத் தெரிந்த வீடுகளிலிருந்தே பிள்ளைகள் ஒவ்வொருவராக அமெரிக்காவுக்கு வேலைக்குப் போகிறார்கள். அந்த வீடுகளின் அம்மாக்களும் மிளகாய்த்தூளைப் பற்றியும் குளிர்ச்சட்டையைப் பற்றியும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உன் புதிய கம்பனி அனுப்பிய காப்புறுதித் திட்டங்களை நீ போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தாய். இருக்கிறதுக்குள் மலிவானதை எடுக்கப்போவதாகச் சொன்னாய். "எனக்கு வருத்தமே வாறேல்லையே, மம்" என்று என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகத் தமிழில் வேறு சொன்னாய். அப்பா மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே, "முட்டு வந்தால்?" என்று கேட்டார். வாயில் வைத்து இழுக்கும் மருந்தைச் சொல்லி, "பஃபர் இருக்கு, சமாளிப்பன்" என்றாய். அந்த "சமாளிப்பன்" என்ற சொல்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். அங்கே உனக்கு மூச்சு இழுக்கும் நாளில் நீ ஆஸ்பத்திரிக்குப் போவாயா, அல்லது பில்லை நினைத்து அறைக்குள் இருந்துவிடுவாயா? வேறொன்றும் எனக்குத் தெரியவேண்டியதில்லை.

நீ பிறந்தபோது எனக்கு இருபது வயது. ஆக்லாந்தின் ஒடாஹுஹுவில் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டில் இருந்தோம். யன்னல் கண்ணாடியில் காலையில் தண்ணீர் வழியும், சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும், பக்கத்து பேக்கரியிலிருந்து பாண் வாசம் வரும். உன்னைப் பெற்று வீட்டுக்குப் போகலாம் என்று தாதி சொன்ன நாளில் அப்பா காசு கட்டும் இடத்தைத் தேடி அந்தப் பெரிய கட்டிடம் முழுக்க நடந்தார். யாழ்ப்பாணத்தில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் கவுண்டரில் காசைக் கட்டித் துண்டு வாங்கிய பிறகுதான் டாக்டரின் கதவு திறக்கும். இங்கே அந்தக் கவுண்டரே இல்லை. அவர் திரும்பி வந்து, "ஒருத்தரும் காசு வாங்கினம் இல்லை. எங்களை வேற ஆக்கள் எண்டு நினைச்சிட்டினம் போல. வா, கெதியாப் போவம்" என்று மெதுவாகச் சொன்னார். உன்னைச் சால்வையில் சுற்றிக்கொண்டு களவெடுத்தவர்கள் மாதிரி வெளியே வந்தோம்.

பிறகு உனக்கு முட்டு வரத்தொடங்கியது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்த ஆஸ்பத்திரிதான் நமக்கு இரண்டாவது வீடு. எனக்கு அந்த நாட்களில் பயத்தை விட வேறு விஷயங்கள்தான் ஞாபகம் இருக்கின்றன. பிள்ளைகள் பகுதியின் சுவரில் வரைந்திருந்த திமிங்கலம். உனக்கு முகமூடி போட்டு மருந்துப் புகை கொடுக்கும்போது நீ அதைப் பார்த்துக் கையசைப்பாய். அவர்கள் தரும் மைலோ. காராஜிலிருந்து நேரே வரும் அப்பாவின் கையில் இருக்கும் எண்ணெய்க் கறுப்பு. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் டாக்டரோடு கதைப்பார். அப்போது நான் நகரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அதுவரை ஒருவரும் அந்தப் படி ஏறவில்லை. உன் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்துதான் பொருளியல் புத்தகத்தைப் படித்தேன். விலை என்பது வாங்குகிறவனும் விற்கிறவனும் சந்திக்கும் இடம் என்று அதில் இருந்தது. அந்தக் கட்டிடத்தில் ஒருவரும் ஒருவரையும் அப்படிச் சந்திக்கவில்லை. வீட்டுக்குப் புறப்படும்போது பஃபரைப் பொருத்தி இழுக்கிற அந்தப் பிளாஸ்டிக் குழாயைச் சும்மா தந்து அனுப்புவார்கள். போகிற தரமெல்லாம் தருவார்கள். நம் அலுமாரியில் அது குவிந்து கிடந்தது. ஒன்றை நீ தூரதிருஷ்டிக் கண்ணாடி என்று வைத்துக்கொண்டு திரிந்தாய்.

உன் பள்ளிக்கூடத்துக்காக நாம் எப்சம் பகுதிக்கு வீடு மாறி வந்த பிறகுதான் மாமா கலிபோர்னியாவில் வீடு வாங்கினார். என் அண்ணன், எனக்கு இருக்கும் ஒரே கூடப்பிறந்தவர். குடிபுகும் நாளுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்றார். உனக்குப் பதின்மூன்று வயது. டிக்கெட் எடுக்க ஒடாஹுஹுவில் நமக்குப் பழக்கமான பயண முகவரிடம் போனேன். தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். பயணக் காப்புறுதிப் படிவத்தை அவரே கம்ப்யூட்டரில் நிரப்பினார். நாங்கள் பேசிக்கொண்டதை அப்பா எத்தனையோ விருந்துகளில் நடித்துக் காட்டியிருக்கிறார். உனக்குச் சலித்திருக்கும். ஆனாலும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

"பையனுக்கு ஏற்கெனவே ஏதாவது நோய் இருக்காங்க?"

"பெரிய வருத்தம் ஒண்டும் இல்லை. இடைக்கிடை முட்டு வரும், அவ்வளவுதான்."

"முட்டா? இந்த வயசுலயா?"

"ஓம். குளிருக்குத்தான் கூட."

"குளிருக்கு முட்டு பிடிக்கத்தான் செய்யும். எங்க அம்மாவுக்கும் அப்படித்தான். பையன் பந்து விளையாடுவானோ?"

"விளையாடினாலும் வரும்."

"அதெல்லாம் நோயில சேர்த்தி இல்லம்மா. நல்லா எண்ணெய் தேய்ச்சு விடுங்க, சரியாப் போயிரும்."

எங்களுக்கு முட்டு என்றால் ஆஸ்துமா. அவருக்கு முட்டு என்றால் முழங்கால். அவர் சொன்ன எண்ணெயையும் நான் நம்பினேன். எங்கள் ஊரிலும் நெஞ்சுக்கு எண்ணெய் தடவுவார்கள்தானே. ஒரே மொழியைப் பேசிய இரண்டு பேர் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டதாக நினைத்துச் சிரித்துவிட்டு எழும்பினோம். படிவத்தில் நோய் எதுவும் இல்லை என்று பதிவானது.

மாமாவின் புதுவீட்டில் ஐயர் ஹோமம் வளர்த்தார். ஏசிக் குளிர் வெளியே போகிறதே என்று ஒருவரும் யன்னலைத் திறக்கவில்லை. நெய்ப் புகை கூரைக்கு எழும்பித் திரும்ப இறங்கியது. புகை அபாயமணி அடித்தது. மாமா கதிரையில் ஏறி அதைக் கழற்றினார். எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் தோள் மேலும் கீழும் போய்வருவதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். பஃபர் கைப்பையில் இருந்தது. குழாயை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன், எங்கே போனாலும் தருவார்கள்தானே என்று. குழாய் இல்லாமல் இழுத்த மருந்து உனக்குச் சரியாக உள்ளே இறங்கவில்லை. அப்பா ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். மாமா அவருடைய கையைப் பிடித்தார்.

"வேண்டாம் மச்சான். நான் காரில கொண்டு போறன்."

"பிள்ளைக்கு மூச்சு இழுக்குது. நீ நிண்டு கார்த் திறப்புத் தேடுறாய்."

"உனக்கு இந்த ஊர் தெரியாது. ஆம்புலன்ஸ்காரன் வீட்டுப் படியை மிதிச்சாலே பில் வரும்."

காரில் போனோம். அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு குறையும் நான் சொல்ல மாட்டேன். இங்கே நாங்கள் காத்திருக்கும் நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, உனக்கு மருந்து ஏறிவிட்டது. டாக்டர் உன்னோடு கிரிக்கெட் பற்றிக் கதைக்க முயன்றார். தாதி புதுக் குழாய் ஒன்றை உறையைக் கிழித்துத் தந்தாள். முன் மேசையில் மாமா, "இது எவ்வளவு வரும்?" என்று கேட்டதும், அங்கிருந்த பெண் சங்கடப்படாமல் தனக்குத் தெரியாது என்றாள். டாக்டருக்கும் தெரியாது. அந்தக் கட்டிடத்தில் ஒருவருக்கும் விலை தெரியாது. நீ தெளிந்த பிறகு மாமா வீட்டுக்குப் போகலாம் என்று அவசரப்படுத்தினார். நான்தான், "இன்னும் கொஞ்ச நேரம் வைச்சுப் பார்க்கட்டும் அண்ணா" என்றேன். நம் ஆஸ்பத்திரியில் அப்படித்தானே, பின்னேரம்வரை வைத்திருந்து, மைலோ தந்து அனுப்புவார்கள். அங்கே "வைத்துப் பார்ப்பது" தனியாக விலை போட்ட ஒரு பண்டம் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பில்கள் எப்சத்து வீட்டுக்குத்தான் வந்தன. முதலில் ஆஸ்பத்திரியுடையது. அதைப் பார்த்து நாங்கள் மூச்சு விடுவதற்குள் டாக்டருடையது. அவர் அந்த ஆஸ்பத்திரியின் ஆள் இல்லையாம், வேறொரு கம்பனியாம். பிறகு நெஞ்சுப் படம் எடுத்தவர்கள், அந்தப் படத்தைப் பார்த்துச் சொன்னவர் வேறு. "ஒரு முட்டுக்கு எத்தினை பேர் மூச்சு வாங்கியிருக்கினம்" என்றார் அப்பா. அந்தப் பிளாஸ்டிக் குழாய்க்கும் ஒரு வரி இருந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைத் திரும்ப வாசித்தார். நம் அலுமாரியில் கிடப்பதையெல்லாம் கொண்டுபோய் அங்கே விற்றால் இந்த வீட்டையே வாங்கலாம் என்றார். காப்புறுதிக்காரர்கள் ஆஸ்துமாவை நாங்கள் மறைத்ததாகச் சொல்லிக் கைவிரித்தார்கள். முகவர் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். "அக்கா, ஆஸ்துமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். "நீங்க முழங்கால் எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே" என்றார் அப்பா. இரண்டு பேரும் சிரிக்கவும் முடியாமல் சிரித்தார்கள். நீ குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தாய்.

அந்த பில்களுக்காக நான் அமெரிக்காவுக்குத் தொலைபேசியில் கதைக்க வேண்டியதாயிற்று. பீட்சா கொண்டுவரச் சொல்லவே உன்னைப் பேசச் சொல்கிறவள் நான். முதல் நாள் மணி அடித்ததும் வைத்துவிட்டேன். பிறகு பழகிக்கொண்டேன். பில் பகுதியில் ஒரு வயதான பெண்மணி கிடைத்தாள். என்னை "ஹனி" என்று கூப்பிடுவாள். அந்தத் தொகையை எங்களால் எப்படிக் கட்ட முடியும் என்று நான் கேட்டதும், மறுபக்கத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. "அந்தத் தொகையை ஒருத்தரும் கட்டுறதில்லை, ஹனி" என்றாள். பல்கலைக்கழகத்தில் எனக்கு விளங்காத பொருளியல் அந்த ஒரு வரியில் விளங்கத் தொடங்கியது.

நீ போகிற நாட்டில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனக்கென்று ஒரு விலைப்பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உள்ள விலை பேரம் பேசுவதற்காகப் போட்ட விலை. கொழும்பில் புடவைக் கடைக்காரன், வாங்குகிறவர்கள் விலையை அடித்துக் கேட்பார்கள் என்று தெரிந்தே கூட்டிச் சொல்வானே, அப்படி. பெரிய காப்புறுதிக் கம்பனிகள் வந்து குறைத்துக் கேட்கும். ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு விலை. எவ்வளவு கூடக் குறைப்பார்களோ அவ்வளவு கூடப் பட்டியல் ஏறும். காப்புறுதி இல்லாமல் போய் நிற்கிறவனிடமும் என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வந்து விழிக்கிறவளிடமும் மட்டும் அந்த முழு விலை நீட்டப்படும். இங்கே நாடு முழுவதுக்குமான மருந்தை ஒரே இடத்திலிருந்து பேரம் பேசி வாங்குகிறார்கள். அதனால்தான் உன் பஃபருக்கு நாம் கொடுப்பது சில்லறை. அங்கே அப்படி எல்லாருக்காகவும் ஒரே வாயால் பேரம் பேச ஆள் இல்லை. ஒவ்வொரு பில்லையும் எழுத ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம், அதை மறுக்கக் காப்புறுதிக் கம்பனியில் ஒரு கூட்டம், மறுத்ததைத் திரும்பக் கேட்க இன்னொரு கூட்டம். அந்த ஹனிப் பெண்மணியின் சம்பளமும் உன் நெஞ்சுப் படத்தின் விலைக்குள்தான் இருந்தது. டாக்டர்களுக்கு அங்கே சம்பளம் அதிகம், இயந்திரங்கள் புதியவை. பல ஊர்களில் ஆஸ்பத்திரிகள் ஒன்றையொன்று வாங்கி ஒன்றாகிவிட்டதால், விலை பிடிக்காவிட்டால் போவதற்கு வேறு இடமும் இல்லை. மாமா சொல்வார், அங்கே யாரும் திருடர்கள் இல்லை, ஒவ்வொருவரும் தன் பங்கை மட்டும் நியாயமாகத்தான் கேட்கிறார்கள், கூட்டிப் பார்க்கும் வேலை மட்டும் ஒருவருக்கும் இல்லை என்று.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. குடலிறக்க ஒப்பரேஷனுக்கு அப்பா எவ்வளவு காலம் காத்திருந்தார் என்று உனக்குத் தெரியும். பாரம் தூக்கும் வேலைக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு போனார். அந்த நேரத்தில் மாமா போனில், "காசைக் கட்டு, நாளைக்கே வெட்டுவாங்கள், அதுதான் எங்கட ஊர்" என்று கேலி பண்ணினார். இங்கே நாம் காசுக்குப் பதிலாகக் காத்திருப்பைக் கட்டுகிறோம். யாழ்ப்பாணத்தில் முதலே கட்டினோம். அமெரிக்காவில் பிறகு கட்டுவார்கள், எவ்வளவு என்று தெரியாமலே.

அந்த பில்களைக் கடைசியில் குறைத்தார்கள். நான் கேட்டேன், அவ்வளவுதான். ஒவ்வொரு வரியாகப் பிரித்து அனுப்பச் சொன்னேன். எங்கள் வருமானத்தைக் காட்டினேன். வசதி இல்லாதவர்களுக்கு விட்டுக்கொடுக்கும் திட்டம் ஒன்று அங்கே பல ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, கேட்காதவர்களுக்கு அது இருப்பதே தெரியாது என்று அந்தப் பெண்மணிதான் சொன்னாள். மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்தோம். அதனால் நாம் ஒன்றும் தெருவுக்கு வரவில்லை. இப்போது அவசரச் சிகிச்சைக்கு வேறு கம்பனி டாக்டர் திடீரென்று தனி பில் அனுப்பி, காப்புறுதி உள்ளவனை உலுக்குவதைத் தடுக்கும் சட்டமும் அங்கே வந்திருக்கிறது. சாலையில் வரும் ஆம்புலன்ஸுக்கு மட்டும் அது பொருந்தாதாம்.

இதையெல்லாம் நீ இணையத்தில் படித்துக்கொள்வாய். நான் சொல்ல வந்தது வேறு. அந்த வருடக் குளிர்காலத்திலிருந்து உனக்கு முட்டு வருவது நின்றுவிட்டது. அப்படித்தான் நாங்கள் எல்லாருக்கும் சொன்னோம், வளர வளரப் போய்விட்டது என்று. பிறகு ஒரு நாள் உன் உடுப்பைத் தோய்க்கப் போடும்போது பள்ளிக்கூடக் காற்சட்டைப் பையிலிருந்து முடிந்துபோன பஃபர் ஒன்று விழுந்தது. நான் வாங்கித் தந்தது இல்லை. பள்ளிக்கூடத் தாதியிடம் நீயே கேட்டு வாங்கியிருக்கிறாய். அதற்குப் பிறகு உன்னைக் கவனித்துப் பார்த்தேன். இழுக்கும்போது நீ கதைக்க மாட்டாய், தலையை ஆட்டுவாய். சிரிப்பு வந்தால் அறைக்குள் போவாய். இந்த ஊரில் காசு கேட்க மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் மறைத்தாய். குசினி வாசலில் நின்ற பிள்ளை, தன் மூச்சால் வீட்டுக்குக் கஷ்டம் வந்தது என்று மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்கள் பகிடி அவனுக்குப் பகிடியாகக் கேட்கவில்லை.

இரண்டு கிழமைக்கு முன்னால் ஒன் ட்ரீ ஹில்லில் நாம் மூவரும் ஏறினோம். பாதி வழியில் நீ குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினாய். கொஞ்சம் ஏறியதும் திரும்பவும் கட்டினாய். அது அவிழவில்லை, தம்பி. உச்சியில் அப்பா, "என்ன வடிவா இருக்கு பார், துறைமுகம் ரெண்டும் தெரியுது" என்றார். நீ தலையை ஆட்டினாய்.

அதனால் மலிவான திட்டத்தை எடுக்காதே. முதலில் இவ்வளவு நீயே கட்டவேண்டும், பிறகுதான் நாங்கள் என்று அதில் போட்டிருக்கிறது. அந்த "முதலில்" என்ற சொல் உன்னை வீட்டுக்குள் இருத்திவிடும். மாதம் கூடக் கட்டினாலும் பரவாயில்லை, யோசிக்காமல் எழும்பிப் போகக்கூடியதை எடு. எந்த ஆஸ்பத்திரி உன் திட்டத்துக்குள் வருகிறது என்று போய் இறங்கின முதல் கிழமையிலேயே பார்த்து வை, அதற்குப் போகும் வழியையும். கேட்கிற எல்லா இடத்திலும் ஆஸ்துமா என்று எழுது. முதல் பில்லைப் பார்த்துப் பயப்படாதே, பிரித்து அனுப்பச் சொல்லு, குறைக்கச் சொல்லிக் கேள். உன் வெட்கம் என்னிடமிருந்து வந்தது. நானே கேட்டேன் என்றால் உன்னால் முடியாதா? ஆனால் இதெல்லாம் மருந்து ஏறிய பிறகு செய்யவேண்டியவை. பில்லோடு மாதக்கணக்காகச் சண்டை பிடிக்கலாம். மூச்சு அவ்வளவு நேரம் தராது. காரோடு ஆள் இல்லாவிட்டால் ஆம்புலன்ஸையே கூப்பிடு. அப்பா மாமாவைத் திட்டினது சரி.

நீ போன பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பாய். "ஐ ஆம் ஃபைன்" என்பாய். அந்த மூன்று சொல்லுக்கு மூச்சே தேவையில்லை, யாரும் சொல்லலாம். உனக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு பெண் டாக்டர் எனக்குச் சொல்லித்தந்தாள்: நெஞ்சில் காது வைக்கத் தேவையில்லை, பிள்ளையைக் கதைக்க விடுங்கள், வசனத்தின் நடுவில் மூச்சு வாங்குகிறானா என்று மட்டும் பாருங்கள். ஆங்கிலத்தில் நீ துண்டு துண்டாகச் சொல்லித் தப்பிவிடுவாய். அதனால் ஞாயிறு மட்டும் என்னோடு தமிழில் கதை. ஒரே ஒரு நீள வசனம் போதும். காலையில் எழும்பி, பால் முடிந்துவிட்டதைப் பார்த்து, மழைக்குள் கடைக்கு நடந்துபோய், வரும் வழியில் பக்கத்து வீட்டு நாயிடம் மாட்டுப்பட்டு, நனைந்துகொண்டு வந்து, தேத்தண்ணி போட்டு என்று சொல்லிக்கொண்டே போ. பிழையாகச் சொன்னாலும் நான் திருத்த மாட்டேன். நீ "குடித்தேன்" என்று வந்து சேரும்வரை நான் இந்தப் பக்கம் ஒரு சத்தமும் போடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா